நிக்கல் தண்ணீரில் இளநீர் மட்டைத்தூள்: உங்கள் அனுபவம் என்ன?

அம்பத்தூர் உறுப்பினர்:
இங்குள்ள தொழிற்பேட்டையில் ஒரு நிக்கல் பிளேட்டிங் (முலாம் பூசும்) பட்டறையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கவனித்து வருகிறேன். சுண்ணாம்பு போட்டால் நிக்கலின் பெரும்பகுதி சேறாகப் படிந்துவிடும். மிஞ்சுகிற சொற்பத்தை லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் கொண்டுவருவதுதான் பெரும்பாடு.

சென்ற கோடையில் ஓர் ஆராய்ச்சி மாணவி இளநீர் மட்டைத்தூளுடன் வந்தார். அதைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, சாயம் போகும்வரை கழுவி, சிட்ரிக் அமிலத்தில் நனைத்துச் சூடேற்றியிருந்தார். அந்தச் சூட்டில் அமிலம் நாரின் செல்லுலோஸுடன் பிணைந்து எதிர்மின்னேற்றம் கொள்ளும் கார்பாக்சில் தொகுதிகளைக் கூட்டுகிறது. நிக்கல் அயனி ஒட்டிக்கொள்வது அவற்றில்தான். பதப்படுத்தாத மட்டையைப் போட்டால் தண்ணீர் பழுப்பாகும், கரிம அழுக்கைக் காட்டும் சி.ஓ.டி. அளவும் ஏறும்.

சுண்ணாம்புத் தொட்டிக்கு அடுத்து வைக்கலாம் என்றார் முதலாளி. அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. "அங்கே கால்சியம் நிறைய இருக்கும் சார், நிக்கல் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும்" என்று சொல்லி, பொருள்களை அலசும் தொட்டியின் வெளிவாயிலில் தூள் நிரப்பிய குழாயைப் பொருத்தினார். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 5, 6 அளவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். சோதனை முடிவு வரம்புக்குள் வந்தது. எந்த இடத்தில் வைப்பது என்று அறிந்திருந்தாரே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

குரோம்பேட்டை உறுப்பினர்:
எங்களுடையது குரோம் பிளேட்டிங். உங்கள் தூள் அப்படியே உதவாது ஐயா. எங்கள் தண்ணீரில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் (நச்சு மிகுந்த வடிவம்) எதிர்மின்னேற்றத்தோடு இருப்பதால் கார்பாக்சில் தொகுதி அதை விலக்கும். பி.எச். 2 வரை இறக்கினால்தான் மட்டைத்தூள் அதைப் பிடிக்கும். ஒரு பகுதியை நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றவும் செய்யும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு வரம்போ லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். அமிலத்துக்கும், பிறகு அதைச் சரிக்கட்டும் காரத்துக்கும் ஆகும் செலவு சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகவில்லை.

வேளச்சேரி உறுப்பினர்:
மாடித்தோட்டத்துக்குத் தென்னை நார்க்கழிவு வாங்குகிறவள் நான். உலோகம் ஏறிய தூள் கடைசியில் எங்கே போகிறது? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கும். என் கீரைத் தொட்டிக்கு வந்துவிடாதா?

அம்பத்தூர் உறுப்பினர்:
நியாயமான பயம் அம்மா. இதற்கு வழி செய்யாத பட்டறை இந்தத் தூளைத் தொடவே கூடாது. நீர்த்த அமிலத்தில் கழுவினால் நிக்கல் கரைந்து வந்துவிடும். தூளை மறுபடி பயன்படுத்தலாம். பிடிப்பு குறைந்த தூளை மூட்டை கட்டி, அபாயக் கழிவு என்று எழுதி, சுண்ணாம்புச் சேற்றோடு கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்புகிறோம். நார் வியாபாரிகள் கேட்டு வந்தாலும் ஒரு பிடிகூடக் கொடுப்பதில்லை.