குவார்ட்டர்னா மூணா, ஆறா? காலை 5 மணிக்கு வண்டி எடுக்கலாமா?

கல்லட்டி36: சீசன் வண்டிக்காரங்க குழுவுல ஒருத்தர் எழுதியிருக்கார்: "ஊட்டிக் குளிருக்கு ஒரு குவார்ட்டர் மருந்து மாதிரி. மூணு பெக்தானே. ராத்திரி 11 மணிக்கு அடிச்சுட்டுப் படுத்தா காலை 5 மணிக்கு சுத்தமா இறங்கிடும்." இதுக்கு ஏகப்பட்ட கைதட்டல் வேற. பாட்டில் லேபிளைப் படிங்கப்பா. 42.8%. 180 மில்லியில 77 மில்லி சுத்தச் சாராயம், எடையில 61 கிராம். உலக சுகாதார நிறுவனத்தோட குடி விசாரணைப் படிவத்துல 10 கிராம்தான் ஒரு அளவு. ஆக ஆறு. 70 கிலோ ஆளுக்கு 100 மில்லி ரத்தத்துல 125 மில்லிகிராம் வரைக்கும் ஏறும். கல்லீரல் மணிக்குச் சுமார் 15தான் இறக்கும். ஆறு மணி நேரத்துக்கு 90 போச்சு, மிச்சம் 35. சட்ட வரம்பு 30. அதோட ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில இறங்கப் போறீங்களா?

லவ்டேல்_பாண்டி: மூணு பெக்கை ஆறுன்னு எழுதுற கணக்கு வாத்தியாரை இப்பதான் பாக்குறேன். 180ஐ 60ஆல வகுத்தா மூணு. கால்குலேட்டர் வேணுமா தம்பி?

பூம்பாறைப்பூண்டு: பாண்டி அண்ணே, நீங்க சொல்றது லார்ஜ், 60 மில்லி. அவர் சொல்றது 10 கிராம் அளவு, அதாவது 30 மில்லி ஸ்மால். ரெண்டும் ஒண்ணுதாங்க. மொதல்ல "அளவு"ன்னா எதுன்னு முடிவு பண்ணிட்டுப் பேசலாமே?

லவ்டேல்_பாண்டி: கொடைக்கானல்காரங்க நடுவுல வராதீங்க. ஸ்மால் எவன் குடிக்கிறான்? மூணுதான்.

கல்லட்டி36: ஆறு. கிராம்ல பேசுங்க. கல்லீரலுக்குப் பெக் கணக்கெல்லாம் தெரியாது. தண்ணி கலந்தாலும், சோடா கலந்தாலும், குளிச்சாலும், கட்டன் சாயா குடிச்சாலும் மணிக்கு 15தான். உடம்பு சின்னதா இருந்தா ஏத்தம் இன்னும் ஜாஸ்தி. குளிருக்கு மருந்துங்கிறீங்களே, சாராயம் தோல்ல இருக்கிற ரத்தக்குழாயை விரிய வைக்குது, அதான் முகம் சூடாத் தெரியுது. உள்சூடு அந்த வழியாத்தான் வெளியே போகுது. நடுக்கமும் மட்டுப்படுது. நடுக்கம்தாங்க உடம்பு தானா சூடு பண்ணிக்கிற வழி. ஜனவரி உறைபனியில சரக்கோட ரோட்டோரம் படுத்தவன் செத்துப்போறது இப்படித்தான்.

தேயிலைத்தளிர்: நாலு ஏலக்காய் மென்னுட்டு ஊதினா மெஷின்ல ஒண்ணும் காட்டாதுங்கறாங்களே?

கல்லட்டி36: வாசனைதான் மறையும். மெஷின் அளக்கிறது நுரையீரல் அடியிலிருந்து வர்ற காத்தை. அதுக்குத்தான் நீளமா ஊதச் சொல்றாங்க. வாய் கொப்பளிக்கிற மருந்துல சாராயம் இருந்தா கொஞ்ச நேரம் தப்பாக் காட்டும், 15 நிமிஷம் கழிச்சு ஊதினா சரியாயிடும். மாட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை உள்ளே, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அது கூடப் பரவாயில்ல. அரைத் தூக்கத்துல இருக்கிறவன் ரெண்டாவது கியர்ல இறங்கமாட்டான், பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வருவான். பிரேக் டிரம் சூடாகிக் கருகின வாடை வரும், அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது. கல்லட்டியில 36 கொண்டை ஊசி வளைவு இருக்கு.

குன்னூர்_மூடுபனி: இதுக்கெல்லாம் ஒரே வழி, மலையில இருக்கிற கடை அத்தனையும் நாளைக்கே மூடணும். பாட்டிலுக்குப் பத்து ரூபா கூட வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தா திருப்பித் தர்ற திட்டம் 2022ல நீலகிரியில வந்துச்சு, அதுவும் ஹைகோர்ட் சொன்னதால. அதுக்கு முன்னாடி காட்டுல வீசின பாட்டில் உடைஞ்சு குத்துற யானைக் காலை எவன் நினைச்சான்?

கல்லட்டி36: மூடுங்க, ஆனா ஆஸ்பத்திரியைத் தயார் பண்ணிட்டு மூடுங்க. தினமும் ஆஃப் பாட்டில் அடிக்கிறவர் சட்டுன்னு நிறுத்தினா அன்னைக்கே கை நடுங்கும். 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம். மூணாம் நாள் பக்கம் இல்லாத பூச்சியைச் சுவத்துல தேடுவார். அப்ப குளுக்கோஸ் பாட்டிலுக்கு முன்னாடி வைட்டமின் பி1 ஊசி போகணும். மாத்திப் போட்டா மூளை கெடலாம்.

குன்னூர்_மூடுபனி: போன மாசம் பிளாஸ்டிக் விவாதத்துலயும் இப்படித்தான் டாக்டர் வேஷம் கட்டினீங்க. கடைக்காரனுக்கு வக்காலத்தா?

கல்லட்டி36: போன மாசம் தோத்த கடுப்பு இன்னும் போகலையா?

பூம்பாறைப்பூண்டு: ஸ்மால் ஆறு, லார்ஜ் மூணு. யாராவது படிக்கிறீங்களா?

தேயிலைத்தளிர்: அப்ப பீர் குடிச்சா தேவலையாங்க?

கல்லட்டி36: 650 மில்லி ஸ்ட்ராங், 8%. 41 கிராம். நாலு அளவு. ரெண்டு பாட்டில் போட்டா குவார்ட்டரைத் தாண்டிடும். பீர்தானேன்னு ஸ்டியரிங் பிடிக்கிறவன்தான் பர்லியாறு திருப்பத்துல நிக்கிறான்.

லவ்டேல்_பாண்டி: நான் பீரைப் பத்திப் பேசவே இல்ல. நாலுன்னாரு, ஆறுன்னாரு, ஏலக்காய்ன்னாரு, யானைக்கால் வரைக்கும் போயிட்டீங்க. குவார்ட்டருக்கு மூணு பெக்கா இல்லையா, அதுக்கு இன்னும் பதில் வரல.

கல்லட்டி36: ஆறு.