துணையை இழந்த கினிப்பன்றியை ஒரு ஜோடியோடு சேர்த்தபோது உங்களுக்கு என்ன நடந்தது?

மிளகு வீடு:

மிளகுக்கு நான்கு வயது. குட்டியிலிருந்து கூடவே இருந்த சீனி சிறுநீர்ப்பைக் கல்லால் போய்விட்டாள். அதை விரிவாக எழுத இப்போது எனக்குத் தெம்பு இல்லை. அன்றிலிருந்து மிளகு வாயே திறக்கவில்லை. காய்கறி வெட்டும் சத்தம் கேட்டாலே 'வீக் வீக்' என்று வீட்டைக் கூட்டுகிறவள், குடிலுக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது நாளில் 940 கிராமிலிருந்து 890-க்கு இறங்கினாள். அடுத்த அறையில் பஞ்சுவும் கருப்பியும், இரண்டு வருட ஜோடி. மூன்றும் பெட்டைகள்தான். சரி, சேர்த்துவிடலாம் என்று துணிந்தேன்.

கூடத்தில் புதுத் துணி விரித்து, நடுவில் உலர்புல்லைக் குவித்து, மூன்றையும் விட்டேன். மோந்து பார்ப்பது, துரத்துவது எல்லாம் நீங்கள் பார்த்ததுதான். இருபதாவது நிமிடம் பஞ்சு எதிரில் வந்து மூக்கை உயர்த்தினாள். மிளகும் உயர்த்தினாள். இருவருக்கும் பிடரி மயிர் சிலிர்த்தது, பல் நறநறத்தது. நான் பயந்துபோய்த் துண்டைப் போட்டு மிளகை வாரி எடுத்துவிட்டேன். அவள் என் கையிலிருந்து கீழே அந்த இருவரையும் பார்த்துக் கத்தினாள். 'வீக்' என்று, நீளமாக. சீனி போன பிறகு அவள் குரலை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

பன்னிரண்டு நாள் ஆகிறது. எடை அதற்குமேல் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. மறுபடி சேர்க்கத் தைரியம் வரவில்லை. அந்தக் கத்தல் பயமா, 'என்னை விடு' என்பதா?

மூன்று கிண்ணம்:

என் வீட்டில் சண்டையே வரவில்லை. அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது. என் தவிட்டு, தங்கை செத்த இரண்டாம் வாரம் ஜோடியோடு சேர்ந்தாள். அன்று சாயங்காலமே ஜோடியில் பெரியவளோடு ஒட்டிக்கொண்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் விடிகாலையில் விளக்கைப் போட்டேன். குடிலுக்குள் அவர்கள் இருவரும் சாய்ந்து கிடந்தார்கள். மூன்று வருடம் அதே குடிலில் பெரியவளோடு படுத்த சின்னவள் வாசலில் கிடந்தாள், மூக்கு மட்டும் உள்ளே. உள்ளே இடம் இருந்தது, ஆனாலும் போகவில்லை.

துணையை இழந்தவளைப் பற்றியே யோசித்தேன். சின்னவளுக்கு இதனால் என்ன போகும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. ஐந்து மாதம் ஆகிறது. சாப்பிட மூவரும் ஒன்றாக வருகிறார்கள், தூங்க மட்டும் அவள் தனி.

ஈரத்துண்டு:

தயவுசெய்து யாரும் மூன்றையும் சேர்த்துக் குளிப்பாட்டாதீர்கள். ஒரே வாசனை வந்துவிடும், ஒட்டிக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நானும் செய்தேன். தொட்டியில் மூவரும் ஒரே மூலையில் ஒட்டி நின்றார்கள். நட்பு என்று நினைத்துப் படம் எடுத்தேன். ஈரம் காய்ந்த அரை மணியில் சண்டை, ஒருத்தியின் உதடு கிழிந்தது. இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் மூவருக்கும் கண்ணில் வெள்ளை தெரிகிறது. பயத்தில் ஒட்டியிருக்கிறார்கள். என்னால் அந்தப் படத்தை அழிக்கவும் முடியவில்லை.

புல்லுக்கட்டு:

நான் இரண்டு தடவை சேர்த்திருக்கிறேன், இரண்டும் கூடிவந்தன. இரண்டாம் தடவை வந்தவள் ஒரு கிழவி. ஜோடியின் தலைவி மேலே ஏறியபோது தாடையைத் தாழ்த்தி மெல்ல முனகினாள், அதோடு தலைவி இறங்கிப் புல் தின்னப் போய்விட்டாள். என் கதை அவ்வளவுதான்.

மிளகு வீடு, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். மூக்கை உயர்த்துவது யார் பெரியவள் என்று அளந்து பார்ப்பது. யாராவது ஒருத்தி தாழ்த்தியாக வேண்டும், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். இடுப்பை ஆட்டி உறுமிக்கொண்டே நடப்பது, ஏறுவது, பிடிக்காதவள் பின்னால் வருகிறவள் மேல் சிறுநீரைப் பீய்ச்சுவது எல்லாம் அவர்களுக்குள் நடக்கும் பேச்சு. பல் நறநறப்பது எச்சரிக்கை, கிட்டே உட்கார்ந்து கவனியுங்கள். இரண்டும் பாய்ந்து ஒரே உருண்டையாகப் புரண்டாலோ, ரத்தம் வந்தாலோ உடனே பிரித்துவிடுங்கள். அப்போதும் வெறுங்கையை விடாதீர்கள், கடி ஆழமாக இறங்கும். துண்டு அல்லது ஒரு முறம் போதும்.

அந்தக் கூடம் பஞ்சுவும் கருப்பியும் வழக்கமாக ஓடுகிற இடமா? அப்படியென்றால் அது அவர்கள் ராஜ்யம். மூவரும் கால் வைக்காத அறையைப் பாருங்கள். ஒரு வாசல் குடில் கூடவே கூடாது, உள்ளே மாட்டியவள் வேறு வழியில்லாமல் கடிப்பாள். இரு வாசல் குடில் ஆளுக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று. புல் இரண்டு மூன்று குவியலாக, தண்ணீர்க் குப்பி இரண்டு. கூண்டு மூவருக்குக் குறைந்தது 10 சதுர அடி, அதுவே இறுக்கம்தான். உள்ளே விடும் முன் கூண்டை நன்றாகக் கழுவி எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். ராத்திரி பிரித்துக் காலையில் சேர்த்தால் தினமும் முதலிலிருந்து ஆரம்பிக்கும், அதனால் விடுமுறை நாளில் காலையிலேயே தொடங்குங்கள். பெட்டைகளுக்கு ஏறக்குறைய 16 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும், அன்று வேண்டாம். நான்கு வயதுக்காரி திடீரென்று முரடானால் சூலகக் கட்டி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். வெளியிலிருந்து வருகிறவள் என்றால் முதலில் இரண்டு மூன்று வாரம் தனி அறை, சொறிப்பூச்சியும் படர்தாமரையும் தொற்றும். சேர்த்த பிறகு தினமும் எடை. துக்கத்தில் இருப்பவள் தின்பதை நிறுத்தினால் குடல் நின்றுவிடும், மருத்துவரிடம் போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வைட்டமின் சி அவர்கள் உடம்பில் தானாக ஊறாது, குடைமிளகாய் கொடுங்கள். ஆண்கள் என்றால் மூன்றாவது ஆளைச் சேர்க்கவே கூடாது. நடுவில் கம்பி வலை வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதும் வீண், எரிச்சல்தான் வளரும்.

ராத்திரிக் கூண்டு:

புல்லுக்கட்டு, வலையை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். வருத்தமாக இருக்கிறது.

ஆண்களைப் பற்றி நீங்கள் சொன்னது என் வீட்டில் அப்படியே நடந்தது. அண்ணனை இழந்த என் கோலியை இரண்டு ஆண்களோடு விட்டேன். நாலே நிமிடத்தில் காது கிழிந்தது. அதற்குப் பிறகு வலைக்கு இந்தப் பக்கம் கோலி, அந்தப் பக்கம் அவர்கள். முதல் வாரம் கம்பியைக் கடித்தார்கள், மறுக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். கோலி வலையோடு முதுகை அழுத்திப் படுத்திருந்தான். அவன் மயிர் கம்பி ஓட்டை வழியாக அந்தப் பக்கம் பிதுங்கியிருந்தது. காதைக் கிழித்தவன் அங்கே அதே இடத்தில் முதுகைக் கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் விளக்கைப் போடாமல் திரும்பிவிட்டேன்.

சுவிட்சர்லாந்தில் 2008-லேயே கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. வலைக்கு அப்பால் இருப்பது துணை ஆகுமா என்று கேட்டால் எனக்கு அந்த இரண்டு முதுகும்தான் ஞாபகம் வருகிறது. ஒன்றாகச் சேர முடியாதவனுக்கு அதையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

மூன்று கிண்ணம்:

புல்லுக்கட்டு, நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி நானும் செய்தேன். இரு வாசல் குடில், கழுவிய கூண்டு, விடுமுறை நாள் எல்லாமே. சண்டை வரவில்லை என்றால் கூடிவந்தது என்று எண்ணிவிடுகிறோம். உங்கள் இரண்டு தடவையிலும் ராத்திரி யார் யாரோடு படுத்தார்கள் என்று பார்த்தீர்களா?

புல்லுக்கட்டு:

இல்லை. பகலில்தான் பார்த்தேன். நீங்கள் கேட்ட பிறகு அந்தச் சின்னவள் மனதை விட்டுப் போகவில்லை. வலையைப் பற்றியும் நான் கடுமையாகச் சொல்லிவிட்டேன்.

மிளகு வீடு:

இன்று காலை ஏழு மணிக்கு மறுபடி விட்டேன். கூடத்தில் இல்லை, மாடி அறையில். அங்கே எவரும் போனதில்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன், இல்லாவிட்டால் எடுத்துவிடுவேன் என்று தெரியும்.

பஞ்சு வந்தாள், மூக்கை உயர்த்தினாள். மிளகும் உயர்த்தினாள். அதே பல் சத்தம். எனக்கு மூச்சே வரவில்லை. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை, மிளகுதான் தாழ்த்தினாள். பஞ்சு மேலே ஏறினாள், மிளகு முனகிக்கொண்டே அசையாமல் இருந்தாள். அதன் பிறகு மதியம் வரை துரத்தல்தான், ஒரு கொத்து மயிர் பிய்ந்தது, ரத்தம் இல்லை.

மூன்று கிண்ணம், உங்கள் சின்னவளை நினைத்துக் கருப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி வாக்கில் மிளகு தின்றுகொண்டிருந்த புல் தண்டின் மறுமுனையைக் கருப்பி வந்து கடித்தாள். இருவரும் தின்றுகொண்டே வந்து மூக்கும் மூக்கும் இடித்தது. மிளகு விலகவில்லை.

இப்போது ராத்திரி பத்தரை. பஞ்சு இன்னும் உறுமிக்கொண்டுதான் சுற்றுகிறாள். நான் இங்கேயே பாய் போட்டிருக்கிறேன். மிளகு குடிலுக்குள் போகவில்லை, புல் குவியலில் கருப்பியிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் படுத்திருக்கிறாள். காலையில் மூவரின் எடையையும் எழுதுகிறேன்.