மறு: இன்டர்சேஞ்சுக்குச் சொல் – மாறுநிலையம், வெளிமாற்றம்

வணக்கம் நண்பர்களே,

இன்டர்சேஞ்ச், அதாவது ஒரு தடத்து வண்டியை விட்டு இறங்கி வேறு தடத்து வண்டிக்கு மாறும் இடம், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தொடங்கிய இந்த இழை நீண்டுகொண்டே போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். நாம் எழுதிக்கொண்டிருக்கும் சென்னை ரயில் வழிகாட்டியில் பக்கத்துக்குப் பக்கம் வரப்போகிற சொல் இது, வரைபடத்தின் ஓரத்தில் குறிவிளக்கமாகவும் நிற்கப்போவது இதுதான். அதனால் ஓட்டெடுத்து இன்றே முடித்துவிடலாம் என்று சிலர் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. கொஞ்சம் பொறுங்கள். இதுவரை வந்த சொற்களை ஒவ்வொரு நிலையத்தோடும் பொருத்திப் பார்த்தேன். நமக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல, இரண்டு என்று எனக்குப் படுகிறது. ஒரே நிலையத்துக்குள் இருந்தபடி வண்டி மாறுவது வேறு, ஒரு நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்து இன்னொரு நிலையத்துக்குள் போய் ஏறுவது வேறு. இரண்டையும் இன்டர்சேஞ்ச் என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள் என்பதற்காக நாமும் அப்படியே அடக்க வேண்டியதில்லை. (ரயிலா, தொடரியா, தொடர்வண்டியா என்பதை அந்த இன்னொரு இழையிலேயே பேசிக்கொள்ளலாம். இங்கே நான் ரயில் என்றே எழுதுகிறேன், தினமும் ஏறுகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.)

> ‘சந்திப்பு’ ஏற்கெனவே இருக்கிறது. விழுப்புரம் சந்திப்பு, அரக்கோணம் சந்திப்பு என்று மஞ்சள் பலகையில் படித்தே வளர்ந்தோம். புதுச்சொல் எதற்கு?

அந்தப் பலகை தண்டவாளத்தைப் பற்றிப் பேசுகிறது, பயணியைப் பற்றி அல்ல. விழுப்புரத்தில் காட்பாடிக்கும் புதுச்சேரிக்கும் பாதை பிரிகிறது, அதனால் சந்திப்பு. அங்கே ஒருவர்கூட இறங்கி மாறாவிட்டாலும் அது சந்திப்புதான். கிண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். புறநகர் மின்சார ரயில் ஓடுவது 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையில், மெட்ரோ ஓடுவது 1435 மில்லிமீட்டர் பாதையில். இந்த இரண்டு தண்டவாளமும் ஒருநாளும் சேரப்போவதில்லை. ஆனால் காலையில் அங்கே போய் நின்று பாருங்கள், ரயிலை விட்டு இறங்கிய கூட்டத்தில் எத்தனை பேர் நேராக மெட்ரோவை நோக்கி நடக்கிறார்கள் என்று. சந்திப்பே இல்லாத இடத்தில் மாறுதல் மட்டும் நடக்கிறது.

பூங்கா (பார்க்) நிலையத்தின் கதை இன்னும் தெளிவானது. 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அது மீட்டர்கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்தான். சாலைக்கு அந்தப் பக்கம் சென்ட்ரல், அது அகலப்பாதை. மீட்டர்கேஜ் மின்சார ரயில் அந்தத் தடத்தில் 2004 வரை ஓடியது. அதாவது எழுபது ஆண்டுகளுக்கு மேல், இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் சேரவே முடியாத நிலையில், தாம்பரம் பக்கத்து ஜனங்கள் பார்க்கில் இறங்கி சாலையைக் கடந்து சென்ட்ரலில் வண்டி பிடித்திருக்கிறார்கள். சந்திப்பு என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, வைத்திருந்தாலும் பொருந்தியிருக்காது.

எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. சென்னை கடற்கரை நிலையத்தில் வேளச்சேரி போகும் பறக்கும் ரயில் தடமும் புறநகர்த் தடமும் ஒரே அகலம், தண்டவாளமும் சேர்கிறது, பயணிகளும் மாறுகிறார்கள். ஆலந்தூரிலும் இரண்டு மெட்ரோ தடங்களுக்கு நடுவே இணைப்பு இருக்கிறது, கோயம்பேடு வழியாக சென்ட்ரலுக்கும் விமான நிலையத்துக்கும் நேரடி வண்டி விட முடிந்தது அதனால்தான். ஆக, இந்த இரண்டு இடங்களும் சந்திப்பும்தான், மாறுமிடமும்தான். நம்மைப் போல தண்டவாளத்தையும் கவனிக்கிறவர்களுக்கு இரண்டு சொல்லும் தனித்தனியாக வேண்டும். சந்திப்பைத் தண்டவாளத்துக்கே விட்டுவிடுவோம்.

‘பரிமாற்ற நிலையம்’ எனக்கு ஒட்டவே இல்லை. பரிமாற்றம் என்றால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது. தகவல் பரிமாற்றம், பணப் பரிமாற்றம் என்றால் சரி, ரயில் நிலையத்தில் யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார்கள்? ‘இடமாற்று நிலையம்’ என்றதும் அரசு ஊழியர் வீட்டில் பிறந்த எவருக்கும் வேலை மாற்றல் ஆணைதான் நினைவுக்கு வரும். ‘மாற்று நிலையம்’ இன்னும் ஆபத்து. மெட்ரோ வேலை நடக்கிற சாலையெல்லாம் ‘மாற்றுப்பாதை’ என்று பலகை வைத்து ஊரே சுற்றிப் போகிறபோது, மாற்று நிலையம் என்று படிப்பவர் இந்த நிலையத்தை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது, வேறு நிலையத்துக்குப் போகச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். பறக்கும் ரயில் 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 2024 அக்டோபர் கடைசி வரை, கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காக, சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது நினைவிருக்கும். அப்போது கடற்கரைக்குப் பதிலாகப் பயன்பட்ட சிந்தாதிரிப்பேட்டையை வேண்டுமானால் மாற்று நிலையம் என்று சொல்லலாம்.

சரி, ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்? “பார்க்கில் இறங்கி மாறிக்கோ.” “ஆலந்தூரில் மாறணும்.” “ஒரே வண்டியா, மாறணுமா?” வினை ‘மாறு’தான். ‘மாற்று’ கிடையாது, ‘பரிமாறு’ கிடையாது. பயணி வண்டி மாறுகிறார், அவ்வளவுதான். அதிலிருந்து பிறந்தது என்பதாலேயே ‘மாறுநிலையம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. முன்மொழிந்தவருக்கு நன்றி. இதற்கு வந்த மறுப்பு:

> மாறுநிலையம் என்றால் நிலையம் மாறுகிறது என்றல்லவா பொருள்? மாறுவது பயணிதானே.

ஆடுகளத்தில் ஆடுவது களமா? எழுதுகோலில் எழுதுவது கோலா? குடிநீரில் நீர் குடிக்கப்படுகிறது, உறைவிடத்தில் ஆள் உறைகிறார். வினைத்தொகையில் பின்னால் வரும் பெயர் எழுவாயாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. இடமாக வரலாம், கருவியாக வரலாம், செயப்படுபொருளாகவும் வரலாம். ஆடுகளம் எப்படி ஆடுவதற்கான களமோ, மாறுநிலையம் அப்படி மாறுவதற்கான நிலையம். முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் இடறலாம், ஆனால் வரைபடத்தில் ஆலந்தூருக்குப் பக்கத்தில் இரட்டை வட்டமும் இந்தச் சொல்லும் இருந்தால் விளக்கம் கேட்க யாருக்கும் தோன்றாது.

பேச்சு வழக்கிலிருந்து எடுத்தால் கலைச்சொல்லுக்குக் கனம் இருக்காது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு ‘பறக்கும் ரயில்’ ஒன்றே போதும். 1995 நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்கு அந்த வண்டி ஓட ஆரம்பித்தது. அதன் ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்தால் ‘பெருந்திரள் விரைவுப் போக்குவரத்து அமைப்பு’ என்று ஏதாவது வரும், சென்னையில் அப்படிச் சொல்லி வழி கேட்டால் பதில் கிடைக்குமா? சிந்தாதிரிப்பேட்டைக்கு முன்னால் தரையை விட்டு ஏறிக் கட்டடங்களுக்கு நடுவே போகிற வண்டியைப் பார்த்து பறக்கும் ரயில் என்றார்கள், செய்தித்தாளும் அப்படியே எழுதியது, 2007-ல் வேளச்சேரி வரை போனபோதும் அதே பெயர்தான். கனம் புழக்கத்தில் வருகிறது.

இப்போது இரண்டாவது சொல். எனக்கு இதுதான் முக்கியம்.

சென்ட்ரல் பகுதியை வழிகாட்டியில் எப்படி எழுதப்போகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். தாம்பரம் தடத்துக்குச் சென்னை பூங்கா. வேளச்சேரி தடத்துக்குப் பூங்கா நகர். ஆவடி, கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் புறநகர் வண்டிகளுக்கு மூர் மார்க்கெட் வளாகம். அப்புறம் நெடுந்தூர வண்டிகளுக்கு சென்ட்ரல், தரைக்குக் கீழே மெட்ரோவின் சென்ட்ரல். இவ்வளவும் நடக்கிற தூரத்தில். இதில் மெட்ரோவின் சென்ட்ரல் மட்டும்தான் சுத்தமான மாறுநிலையம்: நீலத் தடமும் பச்சைத் தடமும் இரண்டு மட்டங்களில், எஸ்கலேட்டரில் இறங்கினால் அடுத்த வண்டி, சீட்டைத் திரும்பக் காட்ட வேண்டியதில்லை. மற்றதெல்லாம் வெளியே வந்து போவது. பூங்காவில் இறங்கி மூர் மார்க்கெட் பக்கம் போகிறவர் படியேறி, வெளியே வந்து, சுரங்கப்பாதையில் இறங்கி, எதிரே வருகிற கூட்டத்தில் பெட்டியை இடிக்காமல் திருப்பித் திருப்பித் தூக்கிக்கொண்டு, திரும்பவும் படியேறி, எந்த நடைமேடை என்று பலகையைப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் இதுவும் ஒரு வட்டம், ஆலந்தூரும் ஒரு வட்டம் என்று போட்டால், முழங்கால் வலியோடு வருகிற பெரியவருக்கு நாம் பொய் சொன்ன மாதிரி ஆகும்.

இந்த இரண்டாவது வகைக்கு ‘நடைமாற்றம்’ என்று வந்த யோசனை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நடை என்றால் எழுத்து நடையும் ஆகும், நடத்தையும் ஆகும், தனியாகப் படித்தால் குழப்பும். ‘உள்மாற்றம், வெளிமாற்றம்’ என்று ஜோடியாக வைக்கலாம் என்றார் இன்னொருவர். உள்மாற்றம் என்றால் மனம் திருந்துவது போலக் கேட்கிறது என்று உடனே மறுப்பும் வந்தது, அது நியாயம்தான். என் தீர்வு: உள்ளே மாறுவதற்குத் தனி அடைமொழியே வேண்டாம், மாறுநிலையம் என்றாலே உள்ளே மாறுவது. வெளியே வந்து மாற வேண்டியிருந்தால் மட்டும் ‘வெளிமாற்றம்’. கிண்டி – வெளிமாற்றம். திருசூலம் – விமான நிலையம், ஜி.எஸ்.டி. சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை வழியாக வெளிமாற்றம்.

> வரையறை என்ன? புதுச்சீட்டு வாங்க வேண்டியிருந்தால் வெளிமாற்றம், இல்லாவிட்டால் மாறுநிலையம் – இப்படி வைத்தால் எளிது.

எளிதுதான், ஆனால் பூங்காவும் பூங்கா நகரும் அதை உடைத்துவிடும். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி தடத்துக்குப் போகிறவருக்கு ஒரே ரயில்வே சீட்டு போதும், ஆனால் பூங்காவில் மாறினால் ஒரு நிலையத்தை விட்டு இன்னொன்றுக்கு நடக்க வேண்டும். அதே ஆள், அதே சீட்டோடு, சென்னைக் கோட்டை நிலையத்தில் மாறினால் நிலையத்துக்குள்ளேயே முடிந்துவிடும். தவிர, 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்துவிட்டது, பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே கியூஆர் சீட்டு எடுக்கலாம். சீட்டை அளவுகோலாக வைத்தால் அந்தச் செயலியில் சீட்டு எடுத்தவருக்குக் கிண்டி மாறுநிலையம், கவுன்ட்டரில் எடுத்தவருக்கு வெளிமாற்றம் என்று ஆகிவிடும். படியும் பாலமும் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. அதனால் வரையறை இப்படி இருக்கட்டும்: நிலைய எல்லையை விட்டு வெளியே வராமல் அடுத்த தடத்தின் நடைமேடைக்குப் போக முடிந்தால் மாறுநிலையம், முடியாவிட்டால் வெளிமாற்றம். ஒவ்வொரு வெளிமாற்றத்துக்கும் கீழே நடை எவ்வளவு, படியா லிஃப்டா, சாலையைக் கடக்க வேண்டுமா என்று கட்டாயம் எழுத வேண்டும்.

பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து மட்டும் எதையும் சேர்க்க வேண்டாம். சைதாப்பேட்டை மெட்ரோ அண்ணா சாலையில் இருக்கிறது, சைதாப்பேட்டை ரயில் நிலையம் ஊருக்குள் தள்ளி இருக்கிறது. தெரியாமல் இறங்குகிறவர் வெயிலில் நடந்து திண்டாடுவார். இதை வெளிமாற்றம் என்றுகூடப் போடக்கூடாது என்பது என் கருத்து. வண்ணாரப்பேட்டையையும் மீனம்பாக்கத்தையும் யாராவது நேரில் நடந்து பார்த்து எழுதினால் முடிவு செய்யலாம், வடசென்னை நண்பர்கள் முதலாவதை எடுத்துக்கொள்வீர்களா? பரங்கிமலையில் மெட்ரோ, புறநகர், பறக்கும் ரயில் மூன்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதுதான் திட்டம், அங்கே எந்த ஜோடிக்கு எந்தச் சொல் என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். படம் வரைகிறவர் அதற்கு இடம் விட்டு வைக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதற்கு எனக்கே இன்னும் விடை கிடைக்கவில்லை. மெட்ரோவின் 118.9 கி.மீ. இரண்டாம் கட்டத்தில், ஆற்காடு சாலையில் வளசரவாக்கம் பக்கம் இரண்டு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தூணில் போகின்றன. அடுத்தடுத்து வரும் நிலையங்களில் எதில் வேண்டுமானாலும் இறங்கி மாறலாம். அவை ஒவ்வொன்றும் மாறுநிலையம் என்று அச்சிட்டால் வரைபடம் நெரிசலாகும், புதிதாக வருகிறவருக்கு எங்கே மாறுவது என்ற குழப்பமும் வரும். முழு நீளத்துக்கும் ‘இணைத்தடம்’ என்று ஒரு பெயர் வைத்து, மாறுவதற்கு ஏற்றதாக ஒரே ஒரு நிலையத்தை மட்டும் மாறுநிலையம் என்று காட்டலாமா என்று யோசிக்கிறேன். இணைத்தடம் என்றால் பக்கத்துப் பக்கம் ஓடுவது என்று நினைப்பார்களோ என்ற சந்தேகமும் இருக்கிறது, ‘அடுக்குத்தடம்’ மேலா? போரூர், வளசரவாக்கம் பக்கம் இருக்கிறவர்கள் தூண்களைத் தினமும் பார்க்கிறீர்கள், உங்கள் வாயில் என்ன சொல் வருகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்