கம்ப்யூட்டர் மெஷின் வர்றதுக்கு முன்னாடி கணக்குப் போட்ட பெண்கள், விவரம் வேணும்

கோட்டையூர் மீனாள்:
காரைக்குடி பக்கம் ஒரு ஸ்கூல்ல மேத்ஸ் எடுக்குறேன். எக்ஸிபிஷனுக்கு ஒன்பதாங்கிளாஸ் பொண்ணுங்க நாசா பெண்களைப் பத்தி சார்ட் போடுறாளுக. 1962ல ஜான் கிளென் பூமியைச் சுத்தப் போறதுக்கு முன்னாடி மெஷின் கணக்கை கேத்தரின் ஜான்சன் கையால சரிபார்த்தாங்கல்ல, அது தெரியும். அதுக்கு முன்னாடி? "சொன்னதைக் கூட்டிக் கழிச்சாங்க, அவ்ளோதானே"ன்னு ஒரு சார் சொல்லிட்டாரு, பிள்ளைங்க மூஞ்சியே வாடிப்போச்சு.

பள்ளத்தூர் ராமு:
ஆச்சி, 1757லேருந்து ஆரம்பிங்க. ஹாலி வால்நட்சத்திரம் எப்ப திரும்பும்னு பாரிஸ்ல கணித மேதை கிளைரோ, வானியலாளர் லாலாந்து, கணக்குல கெட்டிக்காரியான நிக்கோல் ரெய்ன் லெபோட்னு மூணு பேரு உக்காந்தாங்க. வியாழனும் சனியும் அதை எவ்வளவு இழுக்கும்னு படிப்படியா போடணும், லெபோட் அம்மாவும் லாலாந்தும் மாசக்கணக்கா காலைலேருந்து ராத்திரி வரைக்கும், சில நாள் சாப்பாட்டு நேரத்துலகூட விடாம போட்டாங்க. ஒரு எடத்துல தப்பு விழுந்தா போச்சு, பேரேட்டுல ஒரு பற்று மாறினா ஐந்தொகை வரைக்கும் இடிக்குமே அப்படித்தான். 1759 ஏப்ரல் நடுவுல சூரியனை நெருங்கும், ஒரு மாசம் முன்னப்பின்ன ஆகலாம்னாங்க, மார்ச் 13ல நெருங்கிருச்சு! கிளைரோ புஸ்தகத்துல அந்தம்மா பேரையே விட்டுட்டார், லாலாந்துதான் பின்னாடி எழுதிவச்சார்.

தேவகோட்டை பேத்தி:
அந்த சாருக்கு அமெரிக்காவுல ஹார்வர்டு வானாய்வகப் பெண்கள் கதையைச் சொல்லுங்க மேடம். வானத்தைப் பிடிச்ச கண்ணாடி நெகட்டிவ், அதுல நட்சத்திரமெல்லாம் கறுப்புப் புள்ளி, ஒருத்தி லென்ஸ் வச்சுப் பார்த்துச் சொல்லச் சொல்ல இன்னொருத்தி நோட்டுல எழுதுவா. மணிக்கு 25 சென்ட் மாதிரிதான் சம்பளம். ஆனி ஜம்ப் கேனன் சுமார் 3,50,000 நட்சத்திரத்தை வகை பிரிச்சாங்க. ஹென்ரியட்டா லெவிட்டுக்குக் குடுத்த வேலை வெளிச்சத்தை அளக்குறது, ஆனா வெளிச்சம் கூடிக் குறையுற செஃபீடு வகை நட்சத்திரங்கள்ல பிரகாசம் கூடினது மெதுவா மினுக்குதுங்கற ஒழுங்கை அவங்களேதான் பிடிச்சாங்க. 1912 அறிக்கையில கையெழுத்து வானாய்வகத் தலைவர் பிக்கரிங்கோடது, தயாரிச்சது லெவிட்னு முதல் வரியில இருக்கு. அந்த ஒழுங்கை வச்சுத்தான் வானியலாளர் ஹப்பிள் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியோட தூரத்தையே அளந்தார். இது வெறும் கூட்டல் கழித்தலா?

பள்ளத்தூர் ராமு:
அமெரிக்காவுல பிலடெல்பியாவையும் சேருங்க. ரெண்டாம் உலகப்போர் காலத்துல பீரங்கிக் குண்டோட ஒரு பாதையைப் போட கால்குலேட்டர் மெஷின் இருந்தும் 30 மணி நேரத்துக்கு மேல ஆகும், அந்தக் கணக்குப் போட்ட பெண்கள்ல ஆறு பேரைத்தான் 1945ல எனியாக்ங்கற எலக்ட்ரானிக் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் போட எடுத்தாங்க.

கோட்டையூர் மீனாள்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். சார்ட் மட்டும் பத்தாது, எறிஞ்ச பந்து நொடிக்கு நொடி எங்க இருக்கும்னு ஸ்டால்லயே ரெண்டு குரூப்பா தனித்தனியா போட்டு ஒத்துப்பாக்கச் சொல்லப்போறேன், அந்த சாருக்கும் ஒரு பேப்பர் குடுத்து உக்கார வச்சிருவோம்.