ஹாலிவுட் நடிகர் மார்ட்டின் பால்சம்: அவர் நடிச்சதுல உங்களை விடாத காட்சி எது?

கூடல்வாசி:
'12 ஆங்ரி மென்', கொலை வழக்குல தீர்ப்பு சொல்ல ஜூரிகள் பன்னிரண்டு பேர் ஒரே அறையில வாதாடுற படம், எல்லாரும் பார்த்திருப்பீங்க, கதைக்குள்ளே போகலை. போன மாசம் எங்க அடுக்குமாடிச் சங்கக் கூட்டம், தண்ணி லாரிக் கணக்கு. நான்தான் நடத்தினேன். ஆளாளுக்குக் கத்த, "ஒவ்வொருத்தரா பேசுங்க சார்"னேன். "சின்னப்புள்ளத்தனமா பண்ணாதப்பா"னு ஒரு பெரியவர் சொல்லிட்டார். ராத்திரி தூக்கமே வரலை. இதே காட்சியை எங்கேயோ பார்த்திருக்கோமேன்னு ஒரே யோசனை. ஜூரித் தலைவரா வர்ற பால்சம்! அவரையும் ஒருத்தர் இப்படித்தான் சொல்வார். உடனே எழுந்திருச்சு, நாற்காலியைக் காட்டி, நீங்களே வந்து உட்காருங்க, பொறுப்பை நீங்களே பாருங்கம்பார். அப்போ அந்த முகத்தைப் பாருங்க. கோபம் கால்வாசி, மனசு நொந்தது முக்கால்வாசி.

நாயகன் ஹென்றி ஃபோண்டாவுக்காக நாலு தடவை பார்த்த படம். அஞ்சாவது தடவை பால்சத்துக்காக மட்டும் பார்த்தேன். இவ்வளவு செஞ்ச மனுஷனுக்கு உரிய பேர் கிடைக்கவே இல்லைங்கிறதுதான் என் ஆதங்கம்.

மலைக்கோட்டை சாந்தி:
எனக்கு 'சைக்கோ' (1960). துப்பறியும் ஆர்போகாஸ்ட் அந்த வீட்டுக்குள்ளே நுழைஞ்சதும் தொப்பியைக் கழட்டுவார். அவ்வளவுதான். அடுத்தவங்க வீடு, உள்ளே வயசான அம்மா இருக்காங்கன்னு ஒரு மரியாதை. அப்பாவோட உட்கார்ந்து பார்த்தப்ப, "நல்ல மனுஷன்டி"னு அப்பா சொல்லி வாய் மூடலை, மேல் படியில கத்தி விழுந்துடுச்சு. அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. படிக்கட்டைவிட அந்தத் தொப்பிதான் ஞாபகம் வருது.

அவர் படியில உருண்டு விழலை, தெரியுமா? காமிரா மட்டும் தனியா படியிறங்கி எடுத்த காட்சியைத் திரையில ஓட விட்டு, முன்னாடி பால்சத்தை உட்கார வெச்சுக் கையை ஆட்டச் சொன்னாங்க. இயக்குநர் ஹிட்ச்காக் காய்ச்சலா இருந்த அன்னிக்கு உதவியாளர் எடுத்த துண்டுகள்ல கைப்பிடியில நகரும் கை, படியேறும் கால்னு தனித்தனியா இருந்ததாம். அப்படிக் காட்டினா இவர்தான் கெட்டவர்னு தோணும்னு ஹிட்ச்காக் அதை ஒதுக்கிட்டார். அப்பாவுக்கு நல்ல மனுஷனாத் தெரிஞ்சதுக்குக் காரணம் அதுதானோ என்னவோ.

குரல்வளை:
நான் பன்னிரண்டு வருஷம் டப்பிங் பேசினவன். ஒரு படத்துல முழுசாப் பேசி முடிச்சு, சம்பளமும் வாங்கிட்டேன். குடும்பத்தோட தியேட்டர்ல உட்கார்ந்தா திரையில வேற குரல். யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான் பாருங்க, அதை மறக்க முடியலை.

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துல விண்கலத்தை இயக்குற, பேசுற ஹால் கணினிக்கு முதல்ல குரல் கொடுத்தது பால்சம்தான்னு பிற்பாடு தெரிஞ்சுது. பேச்சுல அமெரிக்கச் சாயல் கூடுதலா இருக்குன்னு இயக்குநர் குப்ரிக் மாத்திட்டார். 1968ல படம் வந்தப்ப இருந்தது கனடாக்காரர் டக்ளஸ் ரெயினோட குரல். ரெயின் பிரமாதம், மறுக்கலை. ஆனா ஹால் பேசும்போதெல்லாம் அதுக்கு அடியில கேட்காமப் போன குரல் ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தோணும்.

தாமிரபரணி:
@கூடல்வாசி, பேர் கிடைக்கலைன்னு சொல்லாதீங்க. 'எ தௌசண்ட் கிளௌன்ஸ்' (1965) படத்துக்குத் துணை நடிகர் ஆஸ்கர். 1968ல நாடக மேடைக்கு டோனி விருது, அதுவும் முதன்மை நடிகருக்கானது. ரெண்டும் கையில இருக்கிறவரைப் பார்த்துப் பரிதாபப்படலாமா? அவர் பேரை நாம சொல்லாம விட்டது நம்ம தப்பு.

எனக்கு அந்த ஆஸ்கர் படம்தான். வேலையை விட்டுட்டு இஷ்டத்துக்குத் திரியிற ஜேசன் ரோபார்ட்ஸுக்குக் கூடப்பிறந்தவரா வருவார், தினமும் பழம் கொண்டுவந்து வைப்பார். கடைசியில, ஆமா, நான் உலகத்தோட ஒத்துப்போனவன்தான், அதை நல்லாவே செய்யறேன்னு வாதாடுவார். என் அண்ணனும் எங்களுக்காக ஒத்துப்போனவன். அவன்கிட்ட இதுவரைக்கும் இதைப் பேசினதில்லை.

புதுசாப் பார்க்கிறவங்களுக்கு: 'சைக்கோ'வில் ஆரம்பிக்காதீங்க, அதுல அவர் சீக்கிரம் போயிடுவார். முதல்ல '12 ஆங்ரி மென்'. அப்புறம் 1962 'கேப் ஃபியர்', அதுல போலீஸ் தலைவர். கையோட 1991ல ஸ்கார்செஸி எடுத்த மறு ஆக்கம், அதுல நீதிபதி. முப்பது வருஷம் ஒரு முகத்துல என்ன செய்யுதுன்னு புரியும். 'லிட்டில் பிக் மேன்'ல ஒவ்வொரு தடவை வரும்போதும் உடம்புல ஒரு உறுப்பு குறைஞ்ச மோசடிக்காரர், தவற விடாதீங்க. போன்ல பார்க்காதீங்க, இவர் நடிப்பு கண்ணோரத்துல இருக்கு.   

ரயிலடி:
'தி டேக்கிங் ஆஃப் பெல்ஹம் ஒன் டூ த்ரீ' (1974). பால்சம் இதுல சுரங்க ரயிலைக் கடத்துற கும்பல்ல ஒருத்தர், சளி பிடிச்ச பழைய ரயில் ஓட்டுநர். கடைசியில கதவுக்குப் பின்னால ஒரு தும்மல். எனக்கு வருஷம் பூரா சளி. எங்கே தும்மினாலும் போலீஸா வர்ற வால்டர் மாத்தௌ கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற முகம்தான்.

கூடல்வாசி:
@தாமிரபரணி, சரி, ஒத்துக்கிறேன். உங்க அண்ணன்கிட்ட பேசுங்க. நேத்து '12 ஆங்ரி மென்' மறுபடி போட்டேன். மழை பெய்யும்போது ஜன்னலோரம் நின்னு, தான் பள்ளி ஃபுட்பால் துணைப் பயிற்சியாளர்னு சொல்லுவார். நல்லாப் போயிட்டிருந்த ஆட்டம் மழையில வீணாச்சு, அழுகையே வந்துடுச்சும்பார். ஃபோண்டா பேசாம கேட்டுக்கிட்டு நிப்பார். அப்புறம் ஓட்டு எண்ணும்போது மத்தவங்க கையை எல்லாம் எண்ணி முடிச்சுட்டுத் தன் கையைத் தூக்குவார். இத்தனை தடவை பார்த்தும் அந்தக் கை நேத்துதான் என் கண்ணுல பட்டுது.