ஸ்டீயரிங் தோல் தேய்ந்து நிறம் போய்விட்டது: சாயம் ஏற்றலாமா, புதுத்தோல் தைக்கலாமா, முழுதாக மாற்றிவிடலாமா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். என் தந்தையார் 2012-ஆம் ஆண்டு வாங்கி, எட்டு ஆண்டுகள் ஓட்டிய பின் எனக்குக் கொடுத்த செடான் கார் இது. இதுவரை 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தோல் சுற்றிய ஸ்டீயரிங்கின் வலப்பக்கம், கடிகாரத்தில் 1 மணி முதல் 4 மணி வரை இருக்கும் பகுதி, முதலில் பளபளப்பாகி, பிறகு கறுப்பு நிறம் போய், இப்போது சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் மெல்லிய பஞ்சு போல எழுந்து நிற்கிறது. கட்டைவிரல் படும் இடத்தில் இரண்டு சிறு வெடிப்புகள் உள்ளன. உள்வளைவில் சுமார் இரண்டு அங்குல நீளத்துக்குத் தையல் பிரிந்திருக்கிறது. கொரோனா காலத்தில் காரில் ஏறும் ஒவ்வொரு முறையும் சானிடைசர் தேய்த்த ஈரக் கையோடு ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். சேதம் வேகமெடுத்தது அதற்குப் பிறகுதான். உச்சி வெயிலில் நிறுத்திவிட்டு வந்து தொட்டால் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது.

சென்ற ஆண்டு ஒரு மேலுறை வாங்கி மாட்டினேன். ஒரு திருப்பத்தில் கையோடு சேர்ந்து உறை மட்டும் சுழன்றது; பயந்துபோய் அன்றே கழற்றிவிட்டேன். குஷன் கடையில் கேட்டால், பழைய தோலின் மேலேயே ரெக்சின் வைத்து ஒரு மணி நேரத்தில் தைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். சர்வீஸ் சென்டரிலோ, தோலை மட்டும் மாற்ற வழியில்லை, முழு ஸ்டீயரிங்கையும்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். அந்தத் தொகை இந்தக் காரின் வயதுக்குப் பொருந்தவில்லை. அப்பாவின் கை பட்ட பொருள் என்பதால், காப்பாற்ற முடியுமானால் பழையதையே வைத்துக்கொள்ள விரும்புகிறேன். ஓட்டுநர் பக்கம் ஏர்பேக் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பாலாற்றுத் தோல்காரர் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலில், குறிப்பாக ஃபினிஷிங் பிரிவில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது உண்மையான தோல்தான் என்று தோன்றுகிறது. ரெக்சின் தேய்ந்தால் செதில் செதிலாக உரிந்து, அடியில் துணி தெரியும். அதற்குச் சாயம் பூசுவது வீண் வேலை. பஞ்சு போல எழுகிறது என்றால், அது தோலின் சொந்த நாரே மேலே வந்திருப்பதுதான்.

காரில் வரும் தோலைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. உங்கள் கை படுவது பெரும்பாலும் தோலின் மேல் அல்ல. பதனிட்ட தோலுக்கு மேலே நிறமி கலந்த ஒரு பூச்சும், அதற்கு மேலே பாலியூரிதேன் எனப்படும் ஒளி ஊடுருவும் காப்புப் பூச்சும் இருக்கின்றன; இவை மயிரிழையைவிட மெல்லியவை. வியர்வை, கையின் எண்ணெய்ப் பசை, மோதிரத்தின் உராய்வு, வெயில் ஆகிய அனைத்தும் முதலில் தாக்குவது இந்தக் காப்புப் பூச்சைத்தான். சானிடைசரில் உள்ள ஆல்கஹால் அதை இளக்கிவிடும்; நீங்கள் சொல்லும் பிசுபிசுப்பில் பாதி இளகிய பூச்சு, மீதி பல ஆண்டு அழுக்கு. நம் நாட்டில் இடக்கை கியருக்குப் போய்விடுவதால் வலக்கைதான் நாள் முழுவதும் ஸ்டீயரிங்கில் இருக்கிறது. சன்னல் வழியே வரும் வெயிலும் அந்தப் பக்கமே விழுகிறது. வலப்பக்கம் முதலில் தேய்வது இதனால்தான்.

எனவே தேய்ந்திருப்பது பூச்சு மட்டுமா, தோலும் சேர்ந்தா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, தேய்ந்த இடத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். நீர் முத்தாக நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது. உறிஞ்சி, இடம் கறுத்தால் பூச்சு போய்விட்டது. ஆனாலும் தோலில் உயிர் இருக்கலாம். அடுத்ததாக, வெடிப்பின் இருபுறமும் விரல்களை வைத்து மெதுவாக அழுத்தி விரித்துப் பாருங்கள். அடியில் உள்ள ஃபோம் தெரிந்தாலோ, தோல் காய்ந்த இலை போல நொறுங்கினாலோ, புதுத்தோல்தான் ஒரே வழி. அப்படி இல்லையென்றால் தயங்காமல் பழையதைக் காப்பாற்றலாம்.

முதல் வேலை சுத்தம் செய்வது. பாதிக்கும் மேற்பட்ட தோல்விகள் இங்கேயே தொடங்குகின்றன. குரோம் முறையில் பதனிட்ட தோல் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 4. குளியல் சோப்பும் துணி சோப்பும் 9-க்கு மேல் இருக்கும் காரப் பொருள்கள், தோலின் வலுவையே கெடுக்கும். தோலுக்கென்றே விற்கும் மிதமான கிளீனரை மென்மையான பிரஷ்ஷில் எடுத்து, சிறு சிறு பகுதியாகத் தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் அழுக்கு வராமல் போகும்வரை இதைச் செய்ய வேண்டும். தையல் ஓரங்களில் தேங்கிய பசைக்குப் பொறுமை அதிகம் தேவை. சுத்தம் செய்து முடித்ததும் பளபளப்பு மறைந்து மங்கலான கறுப்பு வரும்; புதுத்தோலின் நிறமே அந்த மங்கல்தான். சிலர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று மகிழ்வார்கள்.

உங்களுக்கு அது போதாது. 800-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 1500-ஆம் எண்ணில் முடித்து, எழுந்து நிற்கும் நாரை மிக மெதுவாகத் தேய்த்து அமர்த்துங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரே ஒரு முறை துடைத்து எண்ணெய்ப் பசையை அகற்றுங்கள். மிச்சப் பூச்சை ஆல்கஹால் இளக்கும் என்று நான் மேலே சொன்னது, இந்த இடத்தில் நமக்கு உதவும் குணமாகிறது. வெடிப்பில் வளையும் தன்மை கொண்ட தோல் ஃபில்லரை மெல்லிய படலமாக வைத்து, காயவிட்டு, தேய்த்து, மீண்டும் வையுங்கள். ஒரே முறையில் தடியாக அப்பினால் கையின் அழுத்தத்தில் பிளந்துவிடும். பிறகு நீர் கலந்த தோல் நிறமியைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி நான்கு, ஐந்து மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். கடைசியாக, இறுகச் செய்யும் கிராஸ்லிங்கர் கலந்த மேட் காப்புப் பூச்சு. அதைத் தவிர்த்துவிட்டு நிறத்தோடு நிறுத்துபவர்களின் வேலை, ஒரு கோடைகூடத் தாங்குவதில்லை.

ஷூ பாலிஷ் வேண்டாம். வெள்ளைச் சட்டையில் ஒட்டும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். தூசியைப் பிடித்து, சிக்குப்பிடித்து நாறும், கையும் வழுக்கும். டயருக்கும் டாஷ்போர்டுக்கும் பூசும் சிலிக்கான் பாலிஷை ஸ்டீயரிங் பக்கமே கொண்டுபோக வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சீட்டில் வழுக்கினால் அசௌகரியம், ஸ்டீயரிங்கில் வழுக்கினால் உயிர்.

ஊசியும் நூலும் எழுதியது:

மேலே ஐயா சொன்ன முறையை முழுமையாக ஏற்கிறேன். என் காரில் தோல் நொறுங்கிப் போயிருந்ததால் நான் மறு வழிக்குப் போக வேண்டியிருந்தது. நண்பருக்கு ஒருவேளை பயன்படலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

குஷன் கடையில் சொன்னபடி பழைய தோலின் மேலேயே ரெக்சின் தைக்கச் சம்மதிக்காதீர்கள். வளையம் தடித்துவிடும், அடியில் உள்ள வழவழப்பான பரப்பின் மீது புது உறை நகரத் தொடங்கும், மேலுறையில் நீங்கள் அனுபவித்த அதே ஆபத்து வேறு வடிவில் திரும்பி வரும். பழைய தோலைப் பிரித்தெடுத்த பிறகே புதிதைத் தைக்க வேண்டும். பிரிக்கும்போது கிழிக்காமல் எடுத்தால், அந்தத் துண்டுகளே புதுத்தோலை வெட்டுவதற்கான அளவுப் படிகளாக அமையும்.

நான் பயன்படுத்தியது 1.2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட மாட்டுத்தோல். அதற்கு மேல் தடித்தால் ஆரக்கால்கள் சேரும் இடத்தில் மடிப்பு விழுகிறது. மிக மெல்லியதாக இருந்தால் ஊசி இழுக்கும்போது துளை கிழிகிறது. உறை வளையத்தைவிடச் சற்றே சிறியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் இழுத்துத் தைக்கும்போது தோல் இறுகப் படியும். முதல் முயற்சியில் சரியான அளவுக்கு வெட்டி, தைத்து முடித்த பின் தளர்ந்து நின்றதைப் பார்த்து, முழுவதையும் பிரித்து மீண்டும் வெட்டினேன். ஓரங்களில் இயந்திரத் தையலை முன்கூட்டியே ஓட்டிவிட்டு, அந்தத் தையல் கண்ணிகளுக்குள் மட்டும் ஊசியைக் கோத்து இரு ஓரங்களையும் சேர்த்தால், நூல் தோலை அறுக்காது. மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல் போதும். ஆரக்கால் அருகே சிறு சுருக்கம் நின்றால், தலைமுடி உலர்த்தும் கருவியைத் தூரத்தில் பிடித்து இளஞ்சூடு காட்டி விரலால் நீவினால் படிந்துவிடும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் முழுமையாகச் செலவாயின. விரல் நுனிகள் ஒரு வாரம் வலித்தன. ஆனால் இன்றுவரை ஒரு தையல்கூடத் தளரவில்லை.

பட்டறைக் கணேசன் எழுதியது:

நான் சென்னையில் பட்டறை நடத்துகிறேன். ஸ்டீயரிங்கைக் கழற்ற நினைப்பவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன், ஏனென்றால் மேலே பதில் சொன்னவர்கள் யாரும் ஏர்பேக்கைப் பற்றிப் பேசவில்லை.

சாயம் ஏற்றும் வேலைக்கு ஸ்டீயரிங்கைக் கழற்றவே தேவையில்லை. நடுப்பகுதியையும் பட்டன்களையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டுக் காரிலேயே செய்யலாம். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ஏர்பேக்கை விரிக்கும் மின்சுற்றில், பேட்டரியைத் துண்டித்த பிறகும் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதனால் சக்கரங்களை நேராக நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, உங்கள் காரின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருந்த பிறகே கை வைக்க வேண்டும். ஏர்பேக்கின் இணைப்புகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மல்டிமீட்டரை அங்கே வைத்துச் சோதிக்கவே கூடாது. அதன் சிறு மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்கச் செய்யலாம். கழற்றிய ஏர்பேக்கை முகப்புப் பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வையுங்கள். கவிழ்த்து வைத்தால், தப்பித்தவறி விரியும்போது முழுப் பெட்டியும் மேலே பாயும்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால், ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின் இணைப்பு தரும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் நாடா இருக்கிறது. ஸ்டீயரிங் இல்லாத நேரத்தில் அது சுழன்றுவிட்டால், மாட்டிய பின் ஒரு முழுத் திருப்பத்தில் அறுந்துபோகும். ஹாரனும் அடிக்காது, டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கும் அணையாது. கழற்றியதும் அதை டேப் ஒட்டி அசையாமல் நிறுத்துங்கள். ஸ்டீயரிங் பொருந்தும் பற்கள் கொண்ட தண்டிலும் ஸ்டீயரிங்கிலும் ஒரே நேர்கோட்டில் பெயிண்டால் குறி வைத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது ஒரு பல்கூட மாறாது. ஸ்டீயரிங்கை இழுக்கும்போது அதைப் பிடித்திருக்கும் நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் நான்கு சுற்று விட்டுவையுங்கள், இல்லையென்றால் விடுபடும் வேகத்தில் முகத்தில் வந்து மோதும்.

பழைய ஸ்டீயரிங் வாங்கப் புதுப்பேட்டைக்கு வருபவர்கள், வளையத்தைக் கண்ணாடி போன்ற சமதளத்தில் வைத்துப் பாருங்கள். ஆடினால் அது விபத்தில் வளைந்தது. பாகத்தின் மேலுள்ள எண்ணும் இணைப்புகளும் உங்கள் மாடலோடு பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பழைய ஏர்பேக் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம். உங்களுடையதை அப்படியே மாற்றிப் பொருத்திக்கொள்ளுங்கள். அழகுக்காக ஏர்பேக் இல்லாத ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங்கை மாட்டித் தரச் சொல்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் ஏர்பேக் புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்டிருக்கும்போது, இருப்பதைக் கழற்றி எறிய நான் துணைபோக மாட்டேன்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சோதனை செய்து பார்த்தேன். தேய்ந்த இடத்தில் நீர் உடனே இறங்கி, இடம் கறுத்தது. மற்ற பகுதிகளில் முத்தாக நின்றது. வெடிப்பை விரித்தபோது ஃபோம் தெரியவில்லை, தோலும் நொறுங்கவில்லை. எனவே சாயம் ஏற்றவே முடிவு செய்திருக்கிறேன். பிரிந்த இரண்டு அங்குலத் தையலை முதலில் சரிசெய்ய வேண்டுமா, நிறம் ஏற்றிய பிறகா?

பாலாற்றுத் தோல்காரர் எழுதியது:

சுத்தம் செய்து முடித்ததும் தையல், அதன் பிறகு ஃபில்லரும் நிறமும். நிறம் ஏற்றிய பின் நூலை இழுத்தால் துளைகளின் ஓரத்தில் புதுப் பூச்சு வெடிக்கும். பழைய துளைகள் வழியாகவே ஊசியைச் செலுத்துங்கள், புதிதாக ஒன்றுகூடப் போட வேண்டாம். இரு முனைகளிலும் பிரியாத தையலுக்குள் மூன்று கண்ணி உள்ளே போய்த் தொடங்கினால் முடிச்சு நிற்கும்.

வைகைக்கரை எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். சுத்தம் செய்வதற்கே ஒரு முழு மாலை ஆனது. வெள்ளைத் துணிகள் ஏழு, காப்பி டிகாக்ஷன் நிறத்துக்கு மாறின. நிறம் ஐந்து பூச்சு, காப்பு மூன்று பூச்சு. இரண்டு நாள் காரை எடுக்கவே இல்லை. வெடிப்பு இருந்த இடம் விரலுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. பிசுபிசுப்பு முற்றிலும் போய்விட்டது. அப்பா வந்து உட்கார்ந்து, வளையத்தை ஒரு சுற்று தடவிப் பார்த்து, "மாத்திட்டியா?" என்று கேட்டார். பழையதுதான் என்று சொன்னேன், நம்பவில்லை. அவருடைய மோதிரம் பட்டு நசுங்கிய சிறு பள்ளத்தைக் காட்டிய பிறகே சிரித்தார். ஒரே ஒரு சந்தேகம்: வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் மிக லேசாகக் கறுப்பு ஒட்டுகிறது.

பாலாற்றுத் தோல்காரர் எழுதியது:

மகிழ்ச்சி தம்பி. மூன்று வாரத்தில் காப்புப் பூச்சு இறுகியிருக்க வேண்டும். எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உள்வளைவில், தையல் ஓரத்தில், பூச்சு எட்டாமல் விட்டுப்போயிருக்கும். அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து, சிறு பிரஷ்ஷால் மேலும் இரண்டு மெல்லிய காப்புப் பூச்சு கொடுங்கள். கிராஸ்லிங்கரைப் புதிதாகக் கலக்க வேண்டும், முன்பு கலந்து வைத்த மிச்சம் உதவாது. அதன் பிறகு வாரம் ஒரு முறை பிழிந்த ஈரத்துணியால் துடைப்பது போதும். வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள், சானிடைசர் தேய்த்தால் கை காய்ந்த பிறகு ஸ்டீயரிங்கைத் தொடுங்கள்.