நெய்மார் அடிக்காத ஐந்தாவது கிக்: பெனால்டி ஷூட்அவுட் நியாயமா?

மஞ்சள்சட்டை
டிசம்பர் 9, 2022, இரவு 11.45

டிவியை அணைத்து இருபது நிமிஷம் ஆகிறது, இன்னும் எழுந்திருக்க மனம் வரவில்லை. பிரேசில் 1, குரோஷியா 1. பெனால்டியில் 2-4. உலகக் கோப்பை எங்களுக்குக் காலிறுதியோடு முடிந்தது.

கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியப்போகிற நேரத்தில் நெய்மார் போட்ட கோலைப் பார்த்தீர்களா? ரோட்ரிகோவிடம் கொடுத்து வாங்கி, பக்கேட்டாவிடம் கொடுத்து வாங்கி, கீப்பரையும் சுற்றிக்கொண்டு போய் மேல்வலையில் அடித்தார். பெலேயின் 77 கோல் கணக்கைத் தொட்ட கோல் அது. அப்புறம் 117-வது நிமிடம் குரோஷியாவின் ஓர்ஷிச் இடப்பக்கம் ஓடிவந்து கொடுக்க, பெட்கோவிச் அடித்தார். மார்க்கினியோஸ் காலில் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. 120 நிமிடத்தில் குரோஷியா கோலுக்குள் குறிவைத்து அடித்த ஒரே பந்து அதுதான். ஒரே பந்து!

இப்படி ஆடிய அணி அரையிறுதிக்குப் போகிறது, இத்தனை வாய்ப்பை உருவாக்கிய அணி வீட்டுக்குப் போகிறது. 120 நிமிடமும் சமனாக முடிந்தால் அணிக்கு ஐந்து பெனால்டி கொடுத்து முடிவு செய்கிற இந்த ஷூட்அவுட் என்பது குலுக்கல் சீட்டு. இதை வைத்து நாக் அவுட் ஆட்டத்தை முடிவு செய்வது அநியாயம். வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்றாம்நம்பர்
டிசம்பர் 10, இரவு 12.05

தம்பி, வருத்தம் புரிகிறது. ஆனால் குலுக்கல் என்ற சொல்லை மட்டும் என்னால் விட்டுவிட முடியாது. பதினாலு வருஷம் மாவட்ட லீக்கில் கீப்பராக நின்றவன் நான்.

குரோஷியா கீப்பர் லிவாகோவிச் நாலு நாள் முன்னால் ஜப்பானுக்கு எதிராக என்ன செய்தார்? மினாமினோ, மிடோமா, யோஷிடா, மூன்று பேர் அடித்ததையும் பிடித்தார். இன்றைக்கு ரோட்ரிகோ அடித்ததையும் பிடித்தார். 2018-லும் குரோஷியா டென்மார்க்கையும் ரஷ்யாவையும் பெனால்டியில்தான் தாண்டியது. உலகக் கோப்பையில் நாலு ஷூட்அவுட், நாலிலும் வெற்றி. குலுக்கலில் ஒரே ஆளுக்கு நாலு தடவை தொடர்ந்து சீட்டு விழுமா?

அடிப்பவன் ஓடிவரும்போது நான் பந்தைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் தாமதமாகிவிடும். அவனுடைய ஊன்று காலைத்தான் பார்ப்பேன். பந்துக்குப் பக்கத்தில் அந்தக் கால் பதிகிற நொடியில் ஷூவின் நுனி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, பெரும்பாலும் பந்தும் அங்கேதான் வரும். அதைப் பார்த்துப் பாய எனக்கு இரண்டு சீசன் பிடித்தது. முழங்கை தோல் உரியாத வாரமே கிடையாது. இதைப் போய் அதிர்ஷ்டம் என்றால் மனசு வலிக்கிறது.

இன்னொன்று. இன்றைக்கு ஷூட்அவுட்டுக்கு முன்னாலேயே லிவாகோவிச் பத்துத் தடவையாவது காப்பாற்றினார். குரோஷியா ஒரே ஒரு தடவை அடித்தது என்கிறாய், சரி. அவர்கள் கீப்பர் ஆடியதும் ஆட்டம்தானே?

நடுக்களம்
இரவு 12.15

ஒன்றாம்நம்பர் அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் மஞ்சள்சட்டை நண்பரிடம் ஒரு கேள்வி. 1994 இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராக 0-0. பிரேசில் நான்காவது கோப்பையை எடுத்ததே பெனால்டியில்தான். 1998 அரையிறுதியில் நெதர்லாந்தைத் தாண்டியதும், 2014-ல் சொந்த ஊரில் சிலியைத் தாண்டியதும் அப்படித்தான். சிலி ஆட்டத்தில் கடைசி நிமிடம் பினியா அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் இது அநியாயமாகத் தெரியவில்லையா?

மஞ்சள்சட்டை
இரவு 12.30

நியாயமான கேள்வி. நேராகவே பதில் சொல்கிறேன்.

1994-ல் எனக்கு ஏழு வயது. நடுராத்திரி அப்பா எழுப்பி உட்கார வைத்தார். பாஜியோ அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்ததும் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினார். நான் மஞ்சள் சட்டை போட்ட கதை அங்கேதான் ஆரம்பம். ஆனால் பெரியவனாகி அந்த ஆட்டத்தை மறுபடி பார்த்தபோது பாஜியோவின் முகம்தான் மனசில் நின்றது. இடுப்பில் கை வைத்து, தலை குனிந்து நிற்கிறார். நைஜீரியாவுக்கு எதிராக இரண்டு, ஸ்பெயினுக்கு எதிராக ஒன்று, பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு என்று நாக் அவுட்டில் ஐந்து கோல் போட்டு இத்தாலியை இறுதி வரை இழுத்து வந்தவர் அவர். பாரேசியும் மஸ்ஸாரோவும் அன்றைக்குத் தவறவிட்டார்கள், அதை யாரும் பேசுவதில்லை. பாஜியோ பெயர் மட்டும் முப்பது வருஷமாக அடிபடுகிறது.

ஆகவே, ஆமாம். அன்றைக்கும் அது குலுக்கல்தான். சீட்டு எங்கள் பெயருக்கு விழுந்தது. ஒரு அணி 120 நிமிடம் ஆடியதை ஒரே ஆள் தலையில் சுமத்துகிற முறையை அன்றும் இன்றும் நான் ஏற்கவில்லை.

கயல்
இரவு 12.40

பெனால்டியைத் திட்டுவதை விட பிரேசில் பயிற்சியாளர் டிட்டேயைத் திட்டுங்கள். நெய்மாரை ஐந்தாவது கிக்குக்கு வைத்திருந்தார். ஐந்தாவது கிக்தான் அழுத்தம் அதிகமானது என்பது அவர் விளக்கம். அந்தக் கிக் வரவே இல்லையே! ரோட்ரிகோவுக்கு 21 வயது, அவரை முதலில் அனுப்பினார். மார்க்கினியோஸ் டிஃபெண்டர், அவர் நான்காவது. பந்து கம்பத்தில் பட்டது, ஆட்டம் முடிந்தது, நெய்மார் நடுக்கோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

2012 யூரோ அரையிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக ரொனால்டோவுக்கும் இதேதான் நடந்தது. ஐந்தாவது ஆளாகக் காத்திருந்தார், முறை வருவதற்குள் போர்ச்சுகல் வெளியே. பத்து வருஷமாகக் கண்ணெதிரே இருக்கிற பாடம். வினிசியஸை 64-வது நிமிடத்தில் வெளியே எடுத்தார், அப்புறம் ரிச்சார்லிசனையும் எடுத்தார். இருவருமே ஷூட்அவுட்டில் இல்லை. இது அதிர்ஷ்டமா, பயிற்சியாளரின் முடிவா?

ஒன்றாம்நம்பர்
இரவு 12.50

கயல் சொல்வது சரி. ஜப்பான் பக்கமும் பாருங்கள். யார் அடிக்கிறீர்கள் என்று பயிற்சியாளர் மொரியாசு ஆட்டக்காரர்களையே கை தூக்கச் சொன்னார். உலகக் கோப்பை நாக் அவுட்டில், 120 நிமிடம் ஓடிய பிறகு, நாற்பதாயிரம் பேர் கத்துகிற இடத்தில் நின்று முடிவு செய்ய வேண்டியதா அது? இரண்டு மாதம் முன்னாலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

நடுக்களம்
இரவு 12.55

அண்ணே, அப்படியானால் ஸ்பெயினுக்கு என்ன பதில்? அவர்கள் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே ஒரு வருஷம் முன்னாலேயே ஒவ்வொருவரையும் ஆயிரம் பெனால்டி அடித்துவிட்டு வரச் சொன்னவர். மொரோக்கோவுக்கு எதிராக ஆயிரத்துக்கு மேல் பாஸ், ஒரு கோல் இல்லை. பெனால்டிக்காகவே சராபியாவை 118-வது நிமிடத்தில் இறக்கினார்கள், அவர் அடித்தது கம்பத்தில் பட்டது. சோலர், புஸ்கேட்ஸ் இருவரையும் மொரோக்கோ கீப்பர் போனோ தடுத்தார். ஸ்பெயின் ஒன்றுகூட அடிக்கவில்லை. பயிற்சிதான் எல்லாம் என்றால் இது எப்படி?

ஒன்றாம்நம்பர்
இரவு 1.05

ஆளில்லாத மைதானத்தில் ஆயிரம் அடிக்கலாம். நடுக்கோட்டிலிருந்து புள்ளி வரைக்கும் தனியாக நடக்கிற அந்த நாற்பது மீட்டருக்குப் பயிற்சி கிடையாது. அந்த இரவு மொரோக்கோவின் ஹக்கிமி அடித்ததைப் பார்த்தாயா? மாட்ரிட்டில் பிறந்தவர், ஸ்பெயினுக்கு எதிராக, வெற்றியைத் தீர்மானிக்கிற கிக்கை நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டார். எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்தத் துணிச்சலும் கால்பந்தின் ஒரு பகுதி. பாஸ் கொடுக்கத் தெரிவது மாதிரி அதுவும் ஒரு திறமை.

நடுக்களம்
இரவு 1.10

சரி, ஷூட்அவுட் வேண்டாம் என்றால் வேறு என்ன? எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1968 யூரோ அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் நேப்பிள்ஸில் 0-0. நடுவர் நாணயம் சுண்டிப் போட்டார், இத்தாலி இறுதிக்குப் போனது. அசல் குலுக்கல் அதுதான். அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் ஷூட்அவுட் விதிக்குள் வந்தது. தொண்ணூறுகளில் கோல்டன் கோல் வந்தது, முதல் கோலோடு ஆட்டம் முடியும். தோற்றுவிடுவோமோ என்று இரண்டு அணியும் பின்னால் பதுங்கின, அதையும் கைவிட்டார்கள். மறு ஆட்டம் வைக்கலாம் என்றால் இன்றைய அட்டவணையில் நாள் எங்கே இருக்கிறது?

மஞ்சள்சட்டை
இரவு 1.20

கூடுதல் நேரத்தை நீட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் ஒரு ஆளைக் குறைக்கலாம். இடம் திறக்கும், கோல் தானாக விழும். கோல் போட்டு ஜெயிப்பதுதான் கால்பந்து.

ஒன்றாம்நம்பர்
இரவு 1.25

ஜப்பான் ஆட்டத்தில் குரோஷியாவின் ப்ரோசோவிச் 16 கிலோமீட்டருக்கு மேல் ஓடினார். நாலாம் நாள் மறுபடி 120 நிமிடம். மோட்ரிச்சுக்கு 37 வயது. இதற்கு மேலும் ஓடச் சொன்னால் யாராவது கால் உடைந்துதான் வெளியே வருவார்கள் தம்பி. இந்த ஒரு விஷயத்தில் உன்னோடு சேரவே மாட்டேன்.

கயல்
விடியற்காலை 3.50

யாராவது முழித்திருக்கிறீர்களா! அர்ஜென்டினா 2, நெதர்லாந்து 2. 90 நிமிடத்தோடு சேர்த்துக் கொடுத்த நிமிடங்களும் தீரப்போகிற நேரத்தில், நெதர்லாந்துக்காரர்கள் ஃப்ரீ கிக்கை நேராக அடிக்காமல் காலடியில் உருட்டிவிட, வெக்ஹோர்ஸ்ட் அடித்துச் சமன் செய்தார். தைரியமான வேலை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. பெனால்டியில் அர்ஜென்டினாவுக்கு முதலில் வந்தது யார்? மெஸ்ஸி. வான் டைக் அடித்ததை அர்ஜென்டினா கீப்பர் மார்ட்டினெஸ் தடுத்த கையோடு மெஸ்ஸி வந்து அடித்துவிட்டுப் போனார். நெதர்லாந்தால் அப்புறம் முந்தவே முடியவில்லை. நெய்மார் இருந்திருக்க வேண்டிய இடம் இதுதான்.

மஞ்சள்சட்டை
டிசம்பர் 11, காலை 9.10

இரண்டு நாளாக வேலை ஓடவில்லை. நேற்று ராத்திரி இங்கிலாந்தின் கேனைப் பார்த்தேன். பிரான்சுக்கு எதிராக முதல் பெனால்டி உள்ளே. இங்கிலாந்துக்காக ரூனி போட்ட 53 கோல் கணக்கைத் தொட்டார். 84-வது நிமிடம் இரண்டாவது பெனால்டி, கம்பத்துக்கு மேலே. இங்கிலாந்து 1-2. அவரை விட நல்லாப் பெனால்டி அடிக்கிற ஆள் அந்த அணியில் யாரும் இல்லை. அவருக்கே இப்படி என்றால், இதை எப்படித் திறமையின் அளவுகோலாக வைப்பது?

ஒன்றாம்நம்பர்
காலை 9.40

எதிரே நின்றது பிரான்ஸ் கீப்பர் லோரிஸ். டாட்டன்ஹாம் கிளப்பில் வருஷக்கணக்காக ஒன்றாகப் பயிற்சி செய்தவர்கள். கேன் எங்கே அடிப்பார் என்று அவருக்குத் தெரியும், அது தெரியும் என்று கேனுக்கும் தெரியும். ஒரே ஆட்டத்தில் ஒரே கீப்பருக்கு எதிராக இரண்டாவது தடவை என்றால் யோசனை வந்துவிடும். யோசனை வந்தால் உடம்பு பின்னால் சாயும், பந்து மேலே போகும். நான் கண்ணால் நிறையத் தடவை பார்த்தது.

நடுக்களம்
டிசம்பர் 19, இரவு 1.15

இறுதி ஆட்டமும் அங்கேயே வந்து நின்றது. அர்ஜென்டினா 3, பிரான்ஸ் 3, பெனால்டியில் 4-2. இந்தக் கோப்பையில் மட்டும் ஐந்து ஷூட்அவுட். முதலில் அடிக்கிற அணிக்குத்தான் சாதகம் என்று சொல்வார்கள் அல்லவா? ஐந்தில் முதலில் அடித்த அணி ஜெயித்தது இரண்டில்தான்: மொரோக்கோ, குரோஷியா. ஜப்பான், நெதர்லாந்து, பிரான்ஸ் மூன்றும் முதலில் அடித்துத் தோற்றன.

மஞ்சள்சட்டை
இரவு 1.40

எம்பாப்பே இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார், ஷூட்அவுட்டிலும் அடித்தார். தோற்ற பக்கம் நிற்கிறார். இன்னொன்றும் கேட்கிறேன் அண்ணே. பிரான்சின் சுவாமெனி அடிக்க வரும்போது மார்ட்டினெஸ் பந்தை எடுத்துத் தூர எறிந்தார். அந்தப் பையன் போய் எடுத்துவந்து வைத்து அடித்தான், வெளியே போனது. இதுவும் நீங்கள் சொல்கிற திறமைதானா?

ஒன்றாம்நம்பர்
இரவு 1.55

இல்லை. பந்தை எறிந்தது தப்பு. நான் நின்ற காலத்தில் ஒருநாளும் செய்ததில்லை, என்னிடம் கற்றுக்கொள்ளும் பையன்களையும் செய்ய விடமாட்டேன். நடுவர் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கோமான் அடித்ததைத் தடுத்தது திறமை. அதற்கு முன்னால் 123-வது நிமிடம் கோலோ முவானி தனியாக வந்து அடித்தபோது இடது காலை நீட்டித் தடுத்தாரே, அந்தக் கால் ஒரு சாண் தள்ளியிருந்தால் பெனால்டியே வந்திருக்காது, கோப்பை பிரான்சுக்குப் போயிருக்கும்.

மஞ்சள்சட்டை
இரவு 2.10

குலுக்கல் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் ஊன்று காலைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு ரோட்ரிகோவின் கிக்கை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். லிவாகோவிச் சும்மா பாயவில்லை, தெரிகிறது.

ஆனால் நியாயம் என்று மட்டும் என் வாயில் வராது. அன்றைக்கு எல்லாம் முடிந்ததும் குரோஷியா ஆட்டக்காரர் பெரிசிச்சின் சின்னப் பையன் குரோஷியா சட்டையோடு ஓடிவந்து, அழுதுகொண்டிருந்த நெய்மாரிடம் கை நீட்டினான். நெய்மார் குனிந்து அவனைக் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்த அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். 1994-ல் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே அப்பா.